பேதிக்கு உப்பும் சர்க்கரையும்



பேதி கண்டவனுக்குத் தண்ணீர் கொடுக்கக் கூடாது, கொடுத்தால் இன்னும் போகும் என்று சொல்லுவோர் நம் ஊர்களில் இன்றும் இருக்கிறார்கள். இப்படிச் சொல்லியே எத்தனை குழந்தைகளை நா வறளவைத்துக் கொன்றிருக்கிறோம்! வங்காளத்திலோ காலராவுக்கென்றே ஒரு தெய்வம் உண்டு. இந்துக்கள் ஓலாதேவி என்றார்கள். முஸ்லிம்கள் ஓலாபீபி என்றார்கள். பேர்தான் இரண்டே தவிர, பேதி இரு மதத்தாருக்கும் ஒன்றாகவே போயிற்று.

குடலில் நடப்பதைச் சற்றுக் கவனியுங்கள். குடலின் உட்புறமெங்கும் செல்கள் என்னும், கண்ணுக்குத் தெரியாத சிறு அறைகள் இருக்கின்றன. மெல்லிய தோலே அவற்றுக்குச் சுவர். மேட்டு நீர் பள்ளத்துக்குத் தானே ஓடும். பள்ளத்து நீரை மேட்டுக்குக் கொண்டுவர ஏற்றம் வேண்டும், இறைக்க ஆள் வேண்டும், ஆளுக்குக் கூழும் வேண்டுமல்லவா? செல்லின் தோலிலும் அப்படி ஓர் ஏற்றம் உண்டு. உப்பிலுள்ள சோடியம் செல்லுக்குள் குறைவு, வெளியே அதிகம். அப்படியிருந்தும் ஒரு தடவைக்கு மூன்று சோடியத்தை வெளியே இறைத்து, இரண்டு பொட்டாசியத்தை உள்ளே இழுக்கிறது. கூலி நாம் தின்னும் சோற்றிலிருந்துதான். நாம் சும்மா படுத்திருக்கும்போது செலவாகும் சக்தியில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு இதற்கே போகிறது! 1957-ல் டென்மார்க்கு தேசத்து ஸ்கௌ என்பவர் நண்டின் நரம்பை ஆராய்ந்து இதைக் கண்டார். நோபல் பரிசு வர 40 வருஷமாயிற்று.

குடல் செல்லில் இந்த ஏற்றம் இரத்தப் பக்கத்தில் இருக்கிறது. அது இறைக்க இறைக்க, குடல் பக்கத்துச் சோடியம் உள்ளே இறங்கப் பார்க்கும். அங்குள்ள ஒரு வாசல் வெகு விசித்திரமானது. சோடியமும் குளுகோஸ் என்னும் சர்க்கரையும் ஜோடியாய் வந்தால்தான் உள்ளே விடும். 1960-ல் கிரேன் என்ற அமெரிக்கர் இதை எடுத்துச் சொன்னார். ஜோடி போனால் தண்ணீரும் பின்னாலேயே போகும்.

காலராக் கிருமியின் விஷம் உப்பையும் நீரையும் குடலில் கொட்டச் செய்கிறதே தவிர, இந்த வாசலை அடைப்பதில்லை. வெறும் உப்பு நீர் பலிக்காத இடத்தில் சர்க்கரை சேர்ந்தால் பலிப்பது இதனால்தான்.

1971-ல் கிழக்கு வங்காளத்திலிருந்து ஓடிவந்த அகதிகளிடையே காலரா பரவிற்று. எல்லையோரத்துப் பன்காவ் ஊரில், இரத்தக் குழாயில் ஏற்றும் உப்பு நீர் தீரும் நிலைமை. டாக்டர் திலீப் மஹலானபிஸ் லிட்டருக்கு 22 கிராம் குளுகோஸ், 3.5 கிராம் உப்பு, 2.5 கிராம் சோடா உப்புக் கலந்து பீப்பாய்களில் நிரப்பி வைத்தார். மொண்டு கொடுத்தது யார்? பூசாரியுமல்ல, டாக்டருமல்ல, நோயாளிகளின் கூடவந்த தாயும் தம்பியுமே! நூற்றுக்குச் சுமார் 30 பேர் செத்தது போய், சாவு 4-க்கும் கீழே இறங்கிற்று.

இப்போது பொட்டலமாகவே கிடைக்கிறது, அதுவே மேல். கிடைக்காவிட்டால் காய்ச்சி ஆறிய நீர் ஒரு லிட்டரில் தலைதட்டிய சிறு தேக்கரண்டியால் ஆறு கரண்டி சர்க்கரை, அரைக் கரண்டி உப்பு. உப்புக் கூடினால் ஆபத்து. குழந்தை வாந்தியெடுத்தால் பத்து நிமிஷம் பொறுத்து மறுபடியும் சிறுகச் சிறுகக் கொடுங்கள். தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். கண் குழிந்து மயங்கிக் கிடந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்கள். வழியிலும், விழுங்குகிறதானால், கொடுத்துக்கொண்டே போங்கள்.