உணவும் பூஞ்சையும் மூட்டுநோயும்

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

வெள்ளி விழா மேடையில் ஒரு தலைமையாசிரியன் ஏறினால், கல்வியின் சிறப்பைப் பற்றித்தான் பேசுவான் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். நானோ ஒரு நோயைப் பற்றிப் பேச விழைகின்றேன். நான் மருத்துவன் அல்லேன், பி.ஏ., பி.எட். படித்து, அரசுப் பள்ளியில் வரலாறு கற்பித்து வருபவன். எனினும் இந்நோய் என் காலிலேயே இருக்கிறது. அது பற்றிப் பிறர் சொன்னதை ஆராயாமல் நம்பி, படித்தவனாகிய நானே ஏமாந்தேன். அந்த அனுபவம் உங்களுக்குப் பயன்படட்டும் என்பதே என் நோக்கம்.

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு திருமண விருந்து முடிந்த நள்ளிரவில், என் வலது கால் பெருவிரல் நெருப்பிலிட்டாற்போல் எரியத் தொடங்கிற்று. விடிவதற்குள் விரல் சிவந்து வீங்கிவிட்டது. போர்வை பட்டாலும் பொறுக்க முடியவில்லை. மருத்துவர் இரத்தத்தைச் சோதித்து, யூரிக் அமிலம் மிகுந்திருப்பதாகக் கூறினார். நோயின் பெயர் ‘கௌட்’. நம்மவர் பொதுவாக வாதம் என்று சொல்லும் நோய்களுள் இதுவும் ஒன்று.

மறுவாரம் நான் பள்ளிக்கு நொண்டிக்கொண்டு சென்றபோது, உடன் பணியாற்றிய ஒருவர், “சார், உங்கள் வீட்டுச் சாப்பாடு அப்படி, மாட்டுக்கறியை விட்டுவிடுங்கள், எல்லாம் சரியாகிவிடும்” என்று சிரித்துக்கொண்டே சொன்னார். அச்சிரிப்பின் பொருளை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பிறிதொருவர், நகரத்தில் இயற்கை வைத்தியம் செய்வதாகச் சொல்லிக்கொண்டவர், “உங்கள் குடலில் பூஞ்சை பெருகிவிட்டது, அதன் நஞ்சுதான் மூட்டில் இறங்குகிறது” என்றார். பருப்பு, கீரை, காளான், தயிர், இட்லி, சர்க்கரை, மது ஆகிய அனைத்தையும் விலக்கச் சொன்னார். மூன்று மாதத்திற்கு ஒரு பொடி கொடுத்தார். மருத்துவர் கொடுத்த மாத்திரையையும் நிறுத்தச் சொன்னார். நானும் நிறுத்தினேன்.

முதல் இரண்டு மாதம் வலியில்லை, உடலும் இளைத்தது. பூஞ்சை ஒழிந்தது என்றே நம்பினேன். நான்காம் மாதம் குடியரசு நாளன்று, கொடியேற்ற வேண்டிய நேரத்தில், இரு முழங்கால்களும் வீங்கி நிற்க இயலாமற் போயிற்று. மாணவர்கள் நாற்காலி கொண்டுவந்து போட்டார்கள். அமர்ந்தபடியே கொடிக்கு வணக்கம் செலுத்திய அந்நாளை நான் இன்றும் மறக்கவில்லை. அதன் பின்னரே இந்நோயைப் பற்றி நூல்களிலும் மருத்துவரிடமும் முறையாகக் கேட்டறியத் தொடங்கினேன்.

திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரம், நோய் இன்னதென அறிந்து, அதன் காரணத்தை அறிந்து, தணிக்கும் வழியையும் அறிந்த பின்னரே மருத்துவம் செய்யுமாறு வற்புறுத்துகிறது. அவ்வரிசையிலேயே நாமும் செல்வோம்.

முதலாவது, நோய் எது? நம் உடலின் உயிரணுக்களிலும் உண்ணும் உணவிலும் பியூரின் என்னும் பொருள் இருக்கிறது. அது சிதையும்போது யூரிக் அமிலம் உண்டாகிறது. பெரும்பாலான பாலூட்டிகளிடம் அதை மேலும் கரையக்கூடிய பொருளாக மாற்றும் யூரிகேஸ் என்னும் நொதி உண்டு. மனிதனிடம் அது இல்லை. ஆதலால் யூரிக் அமிலத்தைச் சிறுநீரகமும், ஓரளவு குடலும் வெளியேற்ற வேண்டியிருக்கிறது. ஒரு டெசிலிட்டர் இரத்தத்தில் அது ஏறத்தாழ 6.8 மில்லிகிராமைத் தாண்டினால், கரையாமல் ஊசி போன்ற படிகங்களாக மூட்டில் படியக்கூடும். உடல் அப்படிகங்களைப் பகையெனக் கருதித் தாக்கும்போது எழுவதே அந்த வீக்கமும் வலியும்.

1848 இல் இங்கிலாந்து மருத்துவர் ஆல்பிரட் காரட், கௌட் நோயாளரின் இரத்தத்தில் யூரிக் அமிலம் மிகுந்திருப்பதைக் காட்டினார். 1961 இல் மெக்கார்ட்டி, ஹாலண்டர் என்னும் இரு அமெரிக்க மருத்துவர்கள், மூட்டு நீரிலேயே அப்படிகங்களை உருப்பெருக்கியின் வழியே கண்டறிந்தனர். கண்ணால் கண்ட சான்று இது.

இரண்டாவது, காரணம் எது? இங்கேதான் பூஞ்சைக் கொள்கை நுழைகிறது. அதைச் சொல்வோர் எல்லாரும் பொய்யர் என்று நான் கூறமாட்டேன். அவர்கள் காட்டும் சில செய்திகள் உண்மையானவையே. பீர் குடிப்போருக்கு இந்நோய் மிகுதியாக வருகிறது. பீர் ஈஸ்ட் என்னும் பூஞ்சையால் புளிக்கவைக்கப்படுவது. உறுப்பு மாற்று அறுவை செய்துகொண்டோர்க்குத் தரப்படும் சைக்ளோஸ்போரின் என்னும் மருந்து பூஞ்சையிலிருந்து கிடைத்தது. அதை உட்கொள்வோரில் பலருக்கு யூரிக் அமிலம் ஏறுகிறது. படர்தாமரைக்குத் தரும் கிரிசியோபல்வின் என்னும் பூஞ்சைக்கொல்லியை 1960களில் கௌட் வலிக்குக் கொடுத்துப் பார்த்தபோது, சிலருக்கு வலி தணிந்தது. இம்மூன்றையும் ஒருங்கே கேட்பவர், பூஞ்சையே காரணம் என்று முடிவு கட்டிவிடுவது எளிது. நானும் அவ்வாறே முடிவு கட்டினேன்.

ஆனால் ஒவ்வொன்றையும் தனித்தனியே உரசிப் பாருங்கள். பீரில் மதுவும் பியூரினும் சேர்ந்தே இருக்கின்றன; மது, யூரிக் அமிலம் வெளியேறுவதையும் தடுக்கிறது. அங்கே தீங்கு செய்யக் குடலில் பூஞ்சை வளரவேண்டிய தேவையே இல்லை. சைக்ளோஸ்போரின், சிறுநீரகம் யூரிக் அமிலத்தைக் கழிப்பதைக் குறைக்கிறது. அது பூஞ்சையிலிருந்து பிறந்தது என்பது அதற்குக் காரணமன்று. கிரிசியோபல்வினோ, கௌட் வலிக்கு நெடுங்காலமாக வழங்கும் கோல்ச்சிசினைப் போலவே, உயிரணுக்களுக்குள் இருக்கும் நுண்குழல்களின் இயக்கத்தைத் தடுக்கக் கூடியது. வீக்கம் தணிந்தமைக்கு அதுவே பொருத்தமான விளக்கம். ஒரு பூஞ்சைக்கொல்லி வலியைத் தணித்தது என்பதனால், வலிக்குக் காரணம் பூஞ்சை என்று ஆகிவிடாது.

காண்டிடா என்னும் பூஞ்சை நலமுள்ள பலரின் குடலிலும் சிறிதளவு வாழ்கிறது. நீரிழிவு முற்றியவர்க்கும், நோயெதிர்ப்பு குன்றியவர்க்கும், நெடுநாள் ஆன்டிபயாடிக் உண்டவர்க்கும் அது பெருகி வாயிலும் தொண்டையிலும் வெண்படலமாகப் படர்வது உண்டு. அதற்கு மருத்துவம் தேவை. ஆனால் இனம்புரியாத எல்லா நோய்க்கும் அதுவே காரணம் என்னும் கொள்கை, 1980களில் அமெரிக்காவில் பரவிற்று. 1990 இல் அங்கே 42 பெண்களிடம் அதைச் சோதித்துப் பார்த்தார்கள். களைப்பு, சோர்வு முதலிய பொதுவான தொல்லைகளைப் பொறுத்தவரை, பூஞ்சைக்கொல்லிக்கும் வெறும் மாத்திரைக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. குடலுக்கும் யூரிக் அமிலத்திற்கும் தொடர்பே இல்லை என்றும் நான் சொல்லவில்லை. குடலில் வாழும் சில பாக்டீரியாக்கள் யூரிக் அமிலத்தைச் சிதைக்கின்றன என்று 2023 இல் வெளிவந்த ஆய்வு காட்டுகிறது. அது பாக்டீரியாவைப் பற்றியது. பூஞ்சையைப் பற்றியது அன்று.

அவ்வாறாயின், அந்தப் பத்தியத்தால் எனக்கு இரண்டு மாதம் வலி இல்லாமற் போனது எப்படி? பத்தியத்தில் சர்க்கரையும் மதுவும் விலக்கப்பட்டிருந்தன. உடல் எடையும் குறைந்தது. சர்க்கரையில் பாதியாக உள்ள ஃப்ரக்டோஸ், யூரிக் அமிலத்தை ஏற்றுகிறது. நாள்தோறும் இரண்டோ அதற்கு மேலோ இனிப்புக் குளிர்பானம் பருகும் ஆண்களுக்கு, மாதம் ஒன்றுகூடப் பருகாதவரைவிட இந்நோய் வரும் வாய்ப்பு 85 விழுக்காடு மிகுதி என்று 2008 இல் ஓர் ஆய்வு கண்டது. மேலும் இந்நோய், மருந்தே இல்லாவிடினும் சில நாளில் அடங்கி, மாதக்கணக்கில் மறைந்திருந்து மீண்டும் எழும் இயல்புடையது. ஆகவே பலன் தந்தது சர்க்கரைக் குறைப்பும் காலமும்; பெயர் பெற்றது பொடி.

இனி, மாட்டுக்கறி பற்றி. 2004 இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு ஒன்று, 47,150 ஆண்களை 12 ஆண்டுகள் கவனித்தது; அவர்களில் 730 பேருக்குக் கௌட் வந்தது. இறைச்சியும் மீனும் மிகுதியாக உண்டோர்க்கு வாய்ப்புக் கூடிற்று. பால், தயிர் உண்டோர்க்குக் குறைந்தது. பியூரின் உள்ள பருப்பு, கீரை, காளான் முதலியவற்றால் வாய்ப்புக் கூடவில்லை. மாட்டுக்கறி, ஆட்டுக்கறி, கோழிக்கறி ஆகியவை பியூரின் அளவில் ஏறத்தாழ ஒரே வரிசையில் நிற்பவை. ஈரலும், நெத்திலி, மத்தி போன்ற மீன்களும் அவற்றுக்கு மேலே நிற்பவை. ஆட்டு ஈரலை விருந்தென்றும் மாட்டுக்கறியை நோயென்றும் சொல்வது மருத்துவமன்று. அது பழைய இழிவின் புதிய பெயர். யூரிக் அமிலத்திற்குச் சாதி தெரியாது.

அதே நேர்மையோடு நமக்கும் ஒன்று சொல்லிக்கொள்ள வேண்டும். பிறர் பழிக்கிறார்கள் என்பதற்காக, நோயுள்ளவர் அளவின்றி உண்பது அறிவுடைமையன்று. இந்நோய் கண்டவர், எக்கறியாயினும் அளவைக் குறைக்க வேண்டும்.

உணவு மட்டுமே காரணமும் அன்று. யூரிக் அமிலம் ஒருவருக்கொருவர் வேறுபடுவதில், உணவைவிடப் பரம்பரைக்கே மிகப் பெரிய பங்கு உண்டு என்று 2018 இல் வெளியான ஆய்வு காட்டிற்று. இதை அறிந்தபோது என் தந்தையை நினைத்துக்கொண்டேன். கூலி வேலை செய்து எங்களைப் படிக்கவைத்த அவர், அறுவடைக் காலத்தில் கால் வீங்கித் திண்ணையில் கிடப்பார். “குடித்துக் கெட்டவன்” என்றது ஊர். அவர் வாழ்நாளில் குடித்தவர் அல்லர். அவருக்கு இரத்தப் பரிசோதனை எதுவும் நடக்கவில்லை. ஆகவே அது இந்நோய்தான் என்று நான் உறுதி கூற மாட்டேன். ஆயினும், நோயாளியின் ஒழுக்கத்தைப் பழிப்பதற்கு முன் நோயைச் சோதிக்க வேண்டும் என்பதை அவர் நினைவே எனக்குக் கற்பித்தது.

மூன்றாவது, தணிக்கும் வழி. யூரிக் அமிலத்தைக் குறைக்கும் அல்லோபியூரினால் என்னும் மாத்திரை, 1960களிலிருந்தே வழக்கில் உள்ளது. அதை உருவாக்கியவர்களுள் ஒருவரான கெர்ட்ரூட் எலியன், பெண் என்பதனால் ஆய்வகங்களில் வேலை மறுக்கப்பட்டவர். முனைவர் பட்டம் முடிக்க இயலாதவர். அவரே 1988 இல் நோபல் பரிசு பெற்றார். கதவடைக்கப்பட்டவர்களின் பிள்ளைகளாகிய நீங்கள் அவர் பெயரை நினைவிற் கொள்ளுங்கள். இம்மாத்திரையை மருத்துவர் சொல்லும் அளவில், இரத்தத்தைச் சோதித்துச் சோதித்து, யூரிக் அமிலம் 6 மில்லிகிராமுக்குக் கீழே நிற்கும்படி தொடர்ந்து உண்ண வேண்டும். வலி நின்றதும் நிறுத்தினால், என் முழங்கால்களுக்கு நேர்ந்ததே நேரும். உண்ணத் தொடங்கிய பின் தோலில் தடிப்பு எழுந்தால் மட்டும், உடனே நிறுத்தி மருத்துவரிடம் ஓட வேண்டும்.

இளைஞர்களே! உங்களிடம் மூன்று வேண்டுகோள் வைக்கின்றேன். வெயிலில் உழைக்கும் பெற்றோரை நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்லுங்கள். மருந்துக்கடையில் வலி மாத்திரையை வாங்கி மாதக்கணக்கில் விழுங்கவிடாதீர்கள், அது சிறுநீரகத்தையே கெடுத்துவிடும். நோய்க்கு அஞ்சி வீட்டில் பருப்பையும் கீரையையும் தயிரையும் நிறுத்தவிடாதீர்கள். நம் பிள்ளைகளின் வளர்ச்சி அவற்றில்தான் இருக்கிறது. பீரும் குளிர்பானமும் நாகரிகம் என்று யாரேனும் அழைத்தால், என் கால் விரலை நினைத்துக்கொள்ளுங்கள்.

இருபத்தைந்து ஆண்டுகளாக நம் கழகம் நமக்கு எழுத்தைக் கற்பித்தது. எழுத்தறிந்தவன் அடுத்துக் கற்க வேண்டியது, ‘இதற்குச் சான்று என்ன?’ என்று கேட்பது. நம்மை இழித்துரைப்பவரிடமும் கேளுங்கள்; நமக்குப் பொடி விற்பவரிடமும் கேளுங்கள்; மேடையில் நிற்கும் என்னிடமும் கேளுங்கள். அந்தக் கேள்வியை நான் உரிய காலத்தில் கேட்டிருந்தால், குடியரசு நாளன்று என் மாணவர்கள் முன் எழுந்து நின்றிருப்பேன்.

 வளர்க நம் கல்விப் பணி!