கேட்டலும் கீழ்ப்படிதலும்



"இந்தப் பையன் சொன்னால் கேட்கமாட்டான்" என்று வீட்டிலே பெரியோர் சலித்துக்கொள்வதுண்டு. பையனுக்குக் காது மந்தம் என்பதன்று அதன் பொருள். சொன்னபடி நடப்பதில்லை என்பதே பொருள். செவியால் அறிவதற்கும் இணங்கி நடப்பதற்கும் தமிழில் 'கேள்' என்னும் ஒரு சொல்லே போதுமானதாயிருக்கிறது. பழைய ஏற்பாட்டின் பெரும்பகுதி எழுந்த எபிரேய மொழியிலும் அவ்வாறே. 'ஷெமா' என்னும் சொல் இரண்டையும் குறிக்கும். புதிய ஏற்பாட்டின் கிரேக்க மொழியிலும் கீழ்ப்படிதலுக்குரிய சொல் கேட்டலின் அடியாகப் பிறந்ததே. ஆகவே வேதாகமம் கூறும் கீழ்ப்படிதலை அடிமையின் அடக்கம் என்று எண்ணிவிடலாகாது.

யாத்திராகமத்தின் முதல் அதிகாரத்திலே சிப்பிராள், பூவாள் என்னும் இரு மருத்துவச்சிகளைக் காண்கிறோம். எபிரேயர் வீட்டில் பிறக்கும் ஆண் மகவுகளைக் கொன்றுவிடுமாறு பார்வோன் அவர்களுக்குக் கட்டளையிட்டான். கடவுளுக்குக் கீழ்ப்படிந்த அப்பெண்கள் அரசனுக்குக் கீழ்ப்படியவில்லை, குழந்தைகள் பிழைத்தன. அந்த அரசனின் இயற்பெயர் அந்நூலில் இல்லை. மருத்துவச்சிகளின் பெயர்கள் இருக்கின்றன.

இனி யோனாவின் கதைக்கு வருவோம். 4 அதிகாரங்களே கொண்ட சிறு நூல். பெரிய மீன் விழுங்கியது என்பதோடு நம்மில் பலர் அதை முடித்துவிடுகிறோம். உண்மையில் மீன் அங்கே பெரிதன்று. நினிவே நகருக்குச் சென்று அதன் தீமையைக் கண்டித்துப் பேசு என்பது யோனாவுக்கு வந்த கட்டளை. நினிவே கிழக்கே, இன்றைய ஈராக்கின் மோசூல் நகருக்கு எதிரே, டைகிரிஸ் ஆற்றங்கரையில் இருந்தது. அவரோ யோப்பாத் துறைமுகத்திற்குச் சென்று, கூலி கொடுத்து, தர்ஷீசுக்குப் போகும் கப்பலில் ஏறி எதிர்த்திசையில் ஓடினார். கோழைத்தனமா? அன்று. புயல் அடித்தபோது, தம்மைக் கடலில் எறிந்துவிடுமாறு அவரே மாலுமிகளிடம் கூறினார். கோழை அவ்வாறு கூறான். ஓடிய காரணத்தைக் கடைசி அதிகாரத்தில் அவர் வாயாலேயே கேட்கிறோம். கடவுள் இரக்கமுடையவர், அந்நகரை மன்னித்துவிடுவார் என்று அறிந்தே ஓடினாராம்! நினிவே அசீரியரின் மாநகர். யோனாவின் நாடாகிய இஸ்ரவேல் கி.மு. 722 அளவில் வீழ்ந்தது அசீரியரின் கையில்தான். இக்கதையைப் படித்த யூத மக்களுக்கு அப்பெயர் ஆறாத புண்.

இரண்டாம் முறை கட்டளை வந்தபோது யோனா போனார். இயேசு பெருமானின் உவமை ஒன்றிலே, திராட்சைத் தோட்டத்திற்குப் போகமாட்டேன் என்று மறுத்து, பின்னர் மனம் மாறிப் போன மகனே தந்தை சொல் கேட்டவன் ஆகிறான். யோனாவும் மறுத்துப் பின் போனவரே. ஆனால் கால்கள் போயின, மனம் போகவில்லை. தண்டனைக்கு அஞ்சிப் பல்லைக் கடித்துக்கொண்டு வீட்டுப்பாடம் எழுதி நீட்டும் மாணவர்களை நான் அறிவேன். எழுத்திலே பிழையிராது, முகம் வேறு கதை சொல்லும். யோனாவின் சொல்லைக் கேட்டு நகரத்தார் மனந்திரும்பினர். அரசனும் சாம்பலில் உட்கார்ந்தான். நகரம் பிழைத்தது. யோனாவுக்கோ கடுங்கோபம். ஊருக்குக் கிழக்கே ஒரு குடிசை போட்டு, என்ன நேரும் பார்ப்போம் என்று அமர்ந்துவிட்டார்.

கடவுள் இங்கே தண்டிக்கவில்லை. நல்லாசிரியரைப் போலப் பாடம் நடத்துகிறார். ஓர் ஆமணக்குச் செடி முளைத்து யோனாவுக்கு நிழல் தந்தது. அவர் மிக மகிழ்ந்தார். மறுநாள் அதைப் பூச்சி அரித்தது, செடி பட்டுப்போயிற்று. தலைமேல் வெயில் காய, சாவே மேல் என்று யோனா புலம்பினார். நீ நட்டு வளர்க்காத செடிக்காக நீ இரங்குகிறாய். வலக்கை இடக்கை வேறுபாடு அறியாத 1,20,000 பேருக்கு மேற்பட்டவரும் மிகுதியான கால்நடைகளும் உள்ள இம்மாநகருக்காக நான் இரங்கலாகாதா என்று கடவுள் வினவினார்.

அவ்வினாவோடு நூல் நின்றுவிடுகிறது. யோனா என்ன விடை கூறினார் என்று எழுதப்படவில்லை. ஆண்டுதோறும் பாவநிவிர்த்தி நாளின் பிற்பகலில், உபவாசத்தோடு ஜெப ஆலயத்தில் கூடும் யூத மக்கள் இச்சிறு நூலை முழுவதும் வாசிக்கக் கேட்கின்றனர்.