உடலால் ஒரு நோன்பு, உள்ளத்துக்கு ஒரு துணை

(ஆலய ஆண்டுத் திருவிழாவில் ஆற்றப்பட்ட சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



தைப்பூசத்தையொட்டி, கோலாலம்பூர் துன் எச்.எஸ். லீ சாலையிலுள்ள ஸ்ரீ மகா மாரியம்மன் ஆலயத்திலிருந்து வெள்ளி இரதம் இரவில் புறப்படுகிறது. பத்துமலை வரை ஏறத்தாழ 15 கிலோமீட்டர். கிள்ளானிலிருந்தும் பிரிக்பீல்ட்ஸிலிருந்தும் இன்னும் பல ஊர்களிலிருந்தும் வந்த அன்பர்கள் காலணியின்றி இரதத்தின் பின்னே நடக்கின்றனர். நடந்து களைத்த கால்களோடு 272 படிகளையும் ஏறி முருகப் பெருமானைத் தரிசிக்கின்றனர்.

அந்தக் கூட்டத்தில் ஆயிரம் வேண்டுதல்கள் உண்டு. "என் மகனுக்குச் சிறுநீரகக் கோளாறு, அதற்காகத்தான் பால்குடம்" என்று உடன் நடப்பவரிடம் சொல்லும் தாய் உண்டு. கேட்டவரும் உடனே மருத்துவமனையின் பெயரைக் கேட்பார், ஆறுதல் சொல்வார். ஆனால் "என் மகனுக்கு மனம் சரியில்லை" என்று சொல்லும் தாய் அரிது. அவளும் அதே 15 கிலோமீட்டரை நடக்கிறாள், அதே படிகளை ஏறுகிறாள். அவளுடைய வேண்டுதல் மட்டும் வாய்க்குள்ளேயே நின்றுவிடுகிறது. இன்றைய உரை அந்தத் தாயைப் பற்றியது.

மௌனத்தின் வேர்

பேராக் மாநிலத்துத் தஞ்சோங் ரம்புத்தானில் 1911-ஆம் ஆண்டில் மனநல மருத்துவமனை ஒன்று திறக்கப்பட்டது. இன்று அதன் பெயர் பகாகியா மருத்துவமனை. பகாகியா என்றால் மலாய் மொழியில் மகிழ்ச்சி என்று பொருள். ஆயினும் தஞ்சோங் ரம்புத்தான் என்ற ஊர்ப் பெயரையே ஏளனச் சொல்லாக்கி, பள்ளிப் பிள்ளைகள் முதல் பெரியவர்கள் வரை பல தலைமுறைகளாகப் பேசி வந்துள்ளனர். அந்த ஏளனத்துக்கு அஞ்சியே எத்தனையோ குடும்பங்கள் நோயை மறைத்தன. பெண்ணுக்கு வரன் அமையாது, பையனுக்கு வேலை கிடைக்காது, உறவினர் வாசற்படி மிதிக்கமாட்டார் என்ற அச்சம் மருந்தைவிட முந்திக்கொண்டது.

சட்டமும் நெடுங்காலம் இந்த அச்சத்தை வளர்த்தது. உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றவரைத் தண்டனைச் சட்டத்தின் 309-ஆம் பிரிவு குற்றவாளியாகக் கருதியது. ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும் என்பது விதி. உதவி நாட வேண்டியவர், உதவி கேட்டால் வழக்கு வருமோ என்று ஒதுங்கினார். 2023-ஆம் ஆண்டில் நாடாளுமன்றம் அப்பிரிவை நீக்கியது. நோயாளியைக் குற்றவாளியாகப் பார்த்த பார்வையைச் சட்டம் கைவிட்டுவிட்டது. இல்லங்களும் கைவிட வேண்டும்.

தேசிய சுகாதார ஆய்வின்படி, மனச்சோர்வு நோய்க்கு ஆளானோர் 2019-இல் 2.3 விழுக்காடாக இருந்தனர். 2023-இல் அது 4.6 விழுக்காடாக உயர்ந்தது. அதாவது சுமார் பத்து இலட்சம் பேர். இவ்வளவு பேரில் ஒருவர்கூட நம் ஆலயத்துக்கு வரும் குடும்பங்களில் இல்லை என்று எண்ணுவது அறியாமை.

மூன்று தந்தையரின் நடை

மௌனத்தை உடைப்பதற்கு நடையையே கருவியாகக் கொண்ட மூவர் இங்கிலாந்தில் இருக்கின்றனர். ஆண்டி ஏரி, மைக் பாமர், டிம் ஓவன் என்பன அவர்களுடைய பெயர்கள். மூவரும் தந்தையர். மூவரும் தத்தம் மகளைத் தற்கொலைக்குப் பறிகொடுத்தவர்கள். சோபி, பெத், எமிலி என்பன அந்தப் பெண்களின் பெயர்கள். ஒருவரையொருவர் முன்பின் அறியாத மூவரையும் அந்தத் துயரமே ஒன்றுசேர்த்தது.

2021 அக்டோபர் மாதத்தில் அவர்கள் நடக்கத் தொடங்கினர். வடக்கே கம்பிரியாவிலுள்ள ஒருவரின் வீட்டிலிருந்து, மான்செஸ்டர் பகுதியிலுள்ள இரண்டாமவரின் வீட்டு வழியாக, கிழக்கே நார்ஃபோக்கிலுள்ள மூன்றாமவரின் வீடு வரை 300 மைல், நம் கணக்கில் ஏறத்தாழ 480 கிலோமீட்டர். அதை 15 நாளில் நடந்து முடித்தனர். வெள்ளி இரதத்தின் பாதையை முப்பத்திரண்டு முறை நடப்பதற்கு அது ஒப்பாகும். இளையோர் உயிரைக் காக்கும் பப்பைரஸ் என்னும் தொண்டு நிறுவனத்துக்கு நிதி திரட்டுவது நடையின் நோக்கம். இலட்சக்கணக்கான பவுண்டு சேர்ந்தது.

நிதியைக் காட்டிலும் பெரிய பயன் ஒன்று வழியிலேயே விளைந்தது. முன்பின் அறியாத மக்கள் சாலையோரம் வந்து காத்திருந்தனர். சிலர் சிறிது தூரம் உடன் நடந்தனர். நடந்துகொண்டே, தாங்கள் இழந்த மகனையும் மகளையும் பற்றிப் பேசினர். அமர்ந்து முகம் பார்த்துப் பேச இயலாத சொற்கள், தோளோடு தோள் நடக்கையில் எளிதாக வந்தன. 2022-இல் அம்மூவரும் பிரிட்டனின் நான்கு சட்டமன்றங்களையும் இணைத்து 600 மைல் நடந்தனர். பள்ளிகளில் இப்பொருளைப் பாதுகாப்பான முறையில் கற்பிக்க வேண்டும் என்ற கோரிக்கையை பிரிட்டிஷ் நாடாளுமன்றம் 2023 மார்ச்சில் விவாதித்தது. மூன்று சாதாரணத் தந்தையரின் கால்கள் நாடாளுமன்றத்தையே பேச வைத்தன.

இத்தகைய முயற்சி இதுவொன்றே அன்று. 2003-ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரில் தோன்றிய மூவெம்பர் இயக்கம், நவம்பர் மாதத்தில் 60 கிலோமீட்டர் நடக்கவோ ஓடவோ ஆடவரை அழைக்கிறது. உலகில் ஒவ்வொரு மணி நேரமும் 60 ஆடவர் தற்கொலையால் மடிகின்றனர் என்பதை நினைவூட்டவே அந்த எண். 2017-ஆம் ஆண்டு இலண்டன் மராத்தான் ஓட்டத்தின் சிறப்பு அறப்பணியாக மனநல விழிப்புணர்வே தேர்ந்தெடுக்கப்பட்டது.

துயரத்தை ஓடிக் கடந்த முதியவர்

பஞ்சாபில் பிறந்த ஃபவுஜா சிங் அவர்களின் வாழ்வும் இங்கு நினைக்கத்தக்கது. மனைவியை 1992-இல் இழந்தார். 1994-இல் மகன் குல்தீப்பை விபத்தில் இழந்தார். அந்தத் துயரத்தில் வாழ்வே வெறுமையாயிற்று. இலண்டனில் மற்றொரு மகனுடன் வாழ்ந்த அம்முதியவர் அத்துயரைத் தாங்க ஓட்டத்தைப் பற்றிக்கொண்டார். 2000-ஆம் ஆண்டில், 89-ஆம் வயதில், இலண்டன் மராத்தானின் 42 கிலோமீட்டரையும் ஓடி முடித்தார். நூறு வயதினர் என்று அறியப்பட்ட நிலையில் 2011-இல் டொராண்டோவில் மீண்டும் மராத்தான் ஓடினார். பிறப்புச் சான்றிதழ் இல்லாமையால் கின்னஸ் நிறுவனம் அதைச் சாதனையாகப் பதியவில்லை. அவர் ஓடியது ஏட்டில் பதிவதற்காக அன்று. 2025 ஜூலையில் சாலை விபத்தில் அவர் மறைந்தபோது உலகமே அஞ்சலி செலுத்தியது.

மருத்துவம் கூறுவது

உடலைக் கோயிலாகக் கண்டவர் திருமூலர். அந்த நெறியில் வந்தவர்களுக்கு, உடலைப் பேணுவது உள்ளத்தையும் பேணும் என்பது புதிய செய்தி அன்று. இன்றைய மருத்துவமும் அதை ஆய்ந்து பார்த்திருக்கிறது. 2024-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளிவந்த ஆய்வு, 14,170 பேரை உட்கொண்ட 218 சோதனைகளைத் தொகுத்தது. நடை, மெல்லோட்டம், யோகாசனம், தசைப் பயிற்சி ஆகியவை மனச்சோர்வைக் குறைக்க உதவுகின்றன என்பது அதன் முடிவு. பெரியவர்கள் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமான உடற்பயிற்சி செய்ய வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. நாளுக்கு அரைமணி வீதம் ஐந்து நாள் நடந்தால் அது நிறைவேறும்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் இன்றியமையாதது. நடை மருந்துக்குத் துணை, மருந்துக்கு மாற்று அன்று. மருத்துவர் தந்த மாத்திரையை நடைப்பயிற்சியை நம்பி நிறுத்துவது பேராபத்து. கடும் மனச்சோர்வில் இருப்பவருக்குப் படுக்கையிலிருந்து எழுவதே பத்துமலைப் படிகளை ஏறுவதற்கு ஒப்பானது. "எழுந்து நாலு சுற்று ஓடினால் எல்லாம் சரியாகிவிடும், எல்லாம் சோம்பேறித்தனம்" என்று அவரைக் கடிந்துகொள்வது புண்ணில் கோல் பாய்ச்சுவதாகும். அவருக்காக மற்றவர்கள் நடக்கலாம். அவரோடு வீட்டு வாசல் வரை நடக்கலாம். சர்க்கரை நோய், இருதய நோய் உடையவர்கள் நெடுந்தூர நடையை மேற்கொள்ளுமுன் மருத்துவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஆலயத்தின் கடமை

மனநோய் கண்டால் முதலில் ஆலயத்துக்கு அழைத்து வருவது நம் மக்களின் வழக்கம். இதில் இகழத்தக்கது ஒன்றுமில்லை. தமிழகத்தில் முத்துசாமி என்ற அடியவரின் சமாதிக் கோயிலில் தங்கிய 31 மனநோயாளரைப் பற்றி, பெங்களூரு மருத்துவர்கள் நடத்திய ஆய்வு 2002-இல் வெளியாயிற்று. அவர்கள் சராசரியாக ஆறு வாரம் தங்கினர். காலையில் சிறு பூசை, பின்னர் வளாகத்தைத் துப்புரவு செய்தல், செடிகளுக்கு நீர் ஊற்றுதல் போன்ற எளிய வேலைகள். நோயின் கடுமை ஏறத்தாழ 20 விழுக்காடு குறைந்தது. இகழ்ச்சியில்லாத இடமும், உடலுக்குச் சிறு உழைப்பும், உடனிருப்பவர் அன்பும் செய்த நன்மை அது.

ஆலயம் இவ்வளவு செய்ய இயலும். எஞ்சியதை மருத்துவர் செய்ய வேண்டும். திருநீறும் வேண்டும், மருந்தும் வேண்டும். செய்வினை என்றும் கிரக தோஷம் என்றும் கூறி, ஆயிரக்கணக்கான வெள்ளியைக் கண்டவரிடம் கொடுத்து, ஆண்டுகளை இழந்தபின் மருத்துவமனைக்குச் செல்வோரை எண்ணினால் நெஞ்சம் பதறுகிறது. அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கில் குடிமக்களுக்குப் பதிவுக் கட்டணம் ஒரு வெள்ளி மட்டுமே. மனநலப் பரிசோதனையை அங்கேயே தொடங்கலாம்.

ஒரு மண்டல நோன்பு

திருவிழாவையொட்டி விரதம் இருப்பது அன்பர்களுக்குப் பழக்கமானது. அந்த விரதத்தோடு இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளலாம். 48 நாள் கொண்ட ஒரு மண்டலம், நாள்தோறும் அரைமணி நேர நடை. கூட்டிப் பார்த்தால் மொத்தம் 24 மணி நேரம், முழுமையாக ஒரு நாள். வாய்விட்டுச் சொல்ல இயலாத ஒருவருக்காக ஒரு நாளைக் காணிக்கையாக்குவதாகும் அது.

இந்த நோன்புக்கு விதிகள் மூன்றே. முதலாவது, தனியே நடக்காமல் ஒருவரையேனும் உடன் அழைக்க வேண்டும். கணவன் மனைவியையும், தந்தை மகனையும், மாமியார் மருமகளையும், அண்டை வீட்டார் தனித்து வாழும் முதியவரையும் அழைக்கலாம். இரண்டாவது, நடக்கும்போது கைத்தொலைபேசி பையிலேயே இருக்க வேண்டும். மூன்றாவது, "சாப்பிட்டாயா?" என்று கேட்பதோடு நில்லாமல், "மனம் எப்படி இருக்கிறது?" என்றும் கேட்க வேண்டும். கேட்டபின் அறிவுரை கூறாமல், பதிலைப் பொறுமையாகச் செவிமடுக்க வேண்டும்.

மண்டலத்தின் நிறைவு நாளில் இளைஞர் பிரிவினர் கூட்டு நடை ஒன்றை ஏற்பாடு செய்யலாம். அதில் வெற்றி தோல்வி வேண்டாம், பதக்கமும் வேண்டாம். சிறு குழந்தையும் சக்கர நாற்காலியில் வருபவரும் கலந்துகொள்ளும் வகையில் பாதை அமையட்டும். நடை முடிந்து அன்னதானத்துக்கு அமரும்போது மனநல ஆலோசகர் ஒருவர் தமிழில் அரைமணி பேசட்டும். ஆலய அறிவிப்புப் பலகையில் பூசை நேரங்களுக்குப் பக்கத்திலேயே இரண்டு எண்களை எழுதி வைக்கலாம். 1970-ஆம் ஆண்டு முதல் தொண்டாற்றிவரும் கோலாலம்பூர் பிஃப்ரண்டர்ஸ் அமைப்பின் எண் 03-7627 2929. இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம், சொல்வது இரகசியமாகக் காக்கப்படும். சுகாதார அமைச்சின் ஹீல் தொலைபேசி எண் 15555. எவரேனும் உயிர் வாழ விருப்பமில்லை என்று சொன்னால், விளையாட்டுப் பேச்சென்று ஒதுக்காமல், அவரைத் தனியே விடாமல், உடனே உதவியை நாட வேண்டும். உயிருக்கு ஆபத்து என்றால் 999-ஐ அழைக்க வேண்டும்.

மெய்யன்பர்களே, அடுத்த தைப்பூசத்திலும் வெள்ளி இரதம் புறப்படும். அந்தத் தாயும் நடப்பாள். இம்முறை பக்கத்தில் நடப்பவர் "யாருக்காக அம்மா வேண்டுதல்?" என்று கேட்கும்போது, "என் மகனுக்கு மனம் சரியில்லை, மருத்துவரிடம் காட்டுகிறோம்" என்று அவள் தயங்காமல் சொல்ல வேண்டும். கேட்டவரும் முகம் சுளிக்காமல் மருத்துவமனையின் பெயரைக் கேட்டு, ஆறுதல் சொல்லி, அவளோடு இணைந்து நடக்க வேண்டும். பத்துமலை வரை அவள் தனியே சுமந்த பாரத்தில் பாதி அங்கேயே குறைந்துவிடும்.

அன்னையின் அருளால் எல்லா இல்லங்களிலும் உடல்நலமும் மனநலமும் ஓங்குக.