உண்பதை அறிவோம், உறையைப் படிப்போம்

(வெள்ளிவிழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

நமது கல்விக் கழகம் இருபத்தைந்து ஆண்டுகளை நிறைவு செய்யும் இவ்வேளையில் பள்ளி, பட்டம், வேலைவாய்ப்பு ஆகியவை குறித்துப் பலரும் உரையாற்றுவர். நாம் சோற்றைப் பற்றிப் பேச முன்வந்திருக்கிறோம். இது கல்விக்குப் புறம்பான பொருளன்று. 1927 மார்ச் 20ஆம் நாள் அண்ணல் அம்பேத்கர் மகாத் நகரின் சவுதார் குளத்து நீரை அள்ளிப் பருகியபோது, குடிக்கும் நீரும் மனித உரிமையே என்று நாடறியச் செய்தார். உண்ணும் உணவில் என்ன இருக்கிறது என்று அறிந்துகொள்வதும் அவ்வுரிமையைச் சார்ந்ததே.

உணவு நமக்கு மூன்று பணிகளைச் செய்கிறது. அரிசி, கேழ்வரகு, எண்ணெய் போன்றவை உழைப்பதற்கு ஆற்றல் தருகின்றன. பருப்பு, கடலை, முட்டை, மீன், இறைச்சி, பால் ஆகியவற்றிலுள்ள புரதம் உடலை வளர்க்கிறது; தேய்ந்ததை ஈடு செய்கிறது. கீரை, காய், கனிகளிலுள்ள வைட்டமின்களும் தாது உப்புகளும் நோயிலிருந்து காக்கின்றன.

நம் இல்லங்களில் முதற்பணி நடக்கிறது. மற்ற இரண்டும் பின்தங்குகின்றன. நியாயவிலைக் கடையில் 2011 முதல் அரிசி விலையின்றிக் கிடைக்கிறது. பசி தீர்ந்தது உண்மை. ஆயினும் தட்டு நிறையச் சோறும், ஓரத்தில் சிறிது குழம்பும் என்றால் உடலுக்கு அது போதாது. உடல் எடையில் கிலோ ஒன்றுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 0.8 கிராம் புரதம் வேண்டும். 50 கிலோ எடையுள்ளவருக்கு 40 கிராம் ஆகிறது. 100 கிராம் அரிசியில் ஏறக்குறைய 7 கிராம் புரதமே உண்டு. அதே எடைப் பருப்பில் 20 கிராமுக்கு மேலும், நிலக்கடலையில் 25 கிராம் அளவும் உண்டு. ஒரு முட்டை 6 கிராம் தரும். தானியங்களிலிருந்து பெறும் ஆற்றல் மொத்தத்தில் 45 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்று ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024ஆம் ஆண்டு வழிகாட்டியில் கூறியுள்ளது. 1918இல் நம் குன்னூரில் ஓர் அறையில் தொடங்கிய ஆய்வே பின்னர் இந்நிறுவனமாக வளர்ந்தது.

தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோர் இரத்தசோகை உடையவர்கள் என்று 2019–21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநல ஆய்வு தெரிவிக்கிறது. கடைசியாக உண்ணும் தாய்மார்கள் அந்தக் கணக்கில் இருக்கிறார்கள் என்பதை ஆண்மக்கள் நெஞ்சில் நிறுத்த வேண்டும்.

இங்கே ஒரு வேதனையையும் சொல்லியாக வேண்டும். கேழ்வரகுக் கூழ், கருவாடு, சுவரொட்டி, ஈரல், மாட்டிறைச்சி ஆகியவற்றை இழிந்தவர் உணவு என்று சாதி ஏளனம் செய்தது. அந்த ஏளனத்திற்கு அஞ்சி, பள்ளிக்குக் கொண்டுசெல்லும் டிபன் பாத்திரத்தை மூடி மறைத்த பிள்ளைகள் நம்மில் எத்தனை பேர்! ஆனால் அறிவியல் கூறுவது யாது? 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச்சத்து உண்டு. ஈரலிலும் இறைச்சியிலும் உள்ள இரும்புச்சத்தை உடல் எளிதில் ஏற்கிறது. கருவாட்டில் உப்பு மிகுதி. ஊறவைத்துக் கழுவிச் சமைத்தால் போதும். கீரையோடு எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்த்தால் அதன் இரும்புச்சத்து நன்கு சேரும். உணவோடு தேநீர் அருந்தினால் குறையும். வெட்கப்பட வேண்டியது நம் உணவுக்காக அன்று.

வெட்கத்தால் நாம் கைவிட்ட இடத்தில் இன்று வண்ண உறைகள் வந்து அமர்ந்துவிட்டன. நாட்கூலியில் ஒரு பங்கு அவற்றுக்குச் செல்கிறது. அவ்வுறைகளைப் படிக்கும் முறையை இளைஞர்கள் கற்க வேண்டும். முன்புறம் இருப்பது விளம்பரம், பின்புறம் திருப்புங்கள்.

முதலாவது, காலாவதி நாளையும் 14 இலக்க உரிம எண்ணையும் பாருங்கள். இரண்டாவது, சேர்மானப் பட்டியல். எடையில் மிகுந்தது முதலில் எழுதப்பட வேண்டும் என்பது விதி. முதல் மூன்றில் சர்க்கரை இருந்தால் அது இனிப்புப் பண்டமே. குளுக்கோஸ், டெக்ஸ்ட்ரோஸ், இன்வர்ட் சிரப் என்பனவும் சர்க்கரையின் மாற்றுப் பெயர்களே. மூன்றாவது, சத்துப் பட்டியல். அது பெரும்பாலும் 100 கிராமுக்குச் சொல்லப்படும். 100 கிராமில் 25 கிராம் சர்க்கரை என்றிருந்தால், 60 கிராம் பிஸ்கட் பொட்டலத்தில் 15 கிராம், அதாவது மூன்று தேக்கரண்டி. நான்காவது, சோடியம். அதனை 2.5ஆல் பெருக்கினால் உப்பின் அளவு கிடைக்கும். 800 மில்லிகிராம் சோடியம் என்பது 2 கிராம் உப்பு. வளர்ந்த ஒருவருக்கே நாள் முழுதும் 5 கிராமுக்கு மேல் ஆகாது.

"ஆரோக்கிய பானம்" என்ற பெயரிலும் மயங்காதீர். அப்படி ஒரு வகை உணவுச் சட்டத்தில் வரையறுக்கப்படவில்லை என்று கூறி, இணைய அங்காடிகள் அத்தலைப்பில் விற்பதை 2024 ஏப்ரலில் அரசு தடுத்தது.

இனி முக்கியமான செய்தி. உறையின் விவரங்கள் ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருந்தால் போதும் என்பதே விதி. பிற மொழிகளைச் சேர்க்கலாம், ஆனால் தமிழ் கட்டாயமில்லை. ஆகவே உழைத்துப் பொருள் வாங்கும் தாய்க்கு அந்த எழுத்துகள் மூடிய கதவாகவே நிற்கின்றன. எழுத்து மறுக்கப்பட்டதன் கொடுமையை நம்மைவிட அறிந்தவர் யார்?

ஆதலின் இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். வாரம் ஒருநாள் மாலையில் கழகப் படிப்பகத்தில் கூடுங்கள். வீட்டில் வாங்கிய பொட்டலங்களின் உறைகளைக் கொண்டுவாருங்கள். அவற்றைத் தமிழில் படித்துத் தாய்மார்களுக்குச் சொல்லுங்கள். அதே விலைக்கு எத்தனை முட்டை, எவ்வளவு கடலை கிடைக்கும் என்பதையும் கரும்பலகையில் எழுதி வையுங்கள். இருபத்தைந்து ஆண்டுகளாக நாம் பெற்ற எழுத்தறிவு அடுப்படி வரை சென்று சேரட்டும்.