தரவரிசையைப் பார்த்து வீடு வாங்கலாமா?



"போட்டித்தன்மை மிக்க நாட்டில் வீடு வாங்கினால் லாபம் நிச்சயம்." இந்தக் கருத்தைத்தான் இன்றைய கருத்தரங்கில் பேச எடுத்துக்கொண்டிருக்கிறோம். என்னால் இதை ஏற்க முடியவில்லை.

சுவிட்சர்லாந்தின் ஐஎம்டி கல்வி நிறுவனம் ஆண்டுதோறும் நாடுகளின் போட்டித்தன்மையைத் தரவரிசைப்படுத்துகிறது. 2025ஆம் ஆண்டுப் பட்டியலில் சிங்கப்பூருக்கு 2ஆம் இடம், ஹாங்காங்கிற்கு 3ஆம் இடம், மலேசியாவுக்கு 23ஆம் இடம். பொருளியல் நிலை, அரசாங்கத்தின் செயல்திறன், வர்த்தகத் திறன், உள்கட்டமைப்பு ஆகிய நான்கையும் அது அளக்கிறது. தொழில் தொடங்குவோருக்கு இது நல்ல வழிகாட்டி. வீடு வாங்குவோருக்கு இது மட்டும் போதுமா?

ஹாங்காங்கைப் பாருங்கள். பட்டியலில் எப்போதும் முன்வரிசைதான். ஆனாலும் 2021இல் உச்சத்தில் இருந்த வீட்டு விலை, 2024 முடிவதற்குள் கால் பங்குக்கும் மேல் சரிந்தது.

சிங்கப்பூர் வலுவான நாடு என்பதால் பணம் இங்கே தேடி வருகிறது. விலை எகிறாமல் இருக்க அரசாங்கமும் வரியைக் கூட்டுகிறது. 2023 ஏப்ரலில் வெளிநாட்டவருக்கான கூடுதல் முத்திரை வரி 60 விழுக்காடானது. இரண்டாவது வீடு வாங்கும் குடிமக்களுக்கு 20 விழுக்காடு. 1.5 மில்லியன் வெள்ளி வீட்டுக்கு இந்த வரி மட்டுமே 300,000 வெள்ளி!

"அப்படியானால் ஜோகூரில் வாங்குவோம்" என்பார்கள் சிலர். 2013இல் ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்கு ஏறக்குறைய இரண்டரை ரிங்கிட். அன்று ஒரு மில்லியன் ரிங்கிட் வீட்டுக்கு நாம் கொடுத்தது சுமார் 400,000 வெள்ளி. 2024 தொடக்கத்தில் ஒரு வெள்ளி மூன்றரை ரிங்கிட்டைத் தொட்டது. அதே விலைக்கு விற்றிருந்தால் கைக்கு வருவது சுமார் 286,000 வெள்ளிதான். வீட்டு விலை இறங்கவே இல்லை, ஆனால் 114,000 வெள்ளி போய்விட்டது. இத்தனைக்கும் 2014இல் அதே பட்டியலில் மலேசியாவுக்கு 12ஆம் இடம்!

இதோடு, வெளிநாட்டவர் வாங்கிய ஐந்து ஆண்டுகளுக்குள் விற்றால் லாபத்தில் 30 விழுக்காடு மலேசியாவில் வரியாகப் போகும். ரயில் வருகிறது, சிறப்புப் பொருளியல் மண்டலம் வருகிறது என்பதெல்லாம் உண்மைதான். ஆனால் அந்த எதிர்பார்ப்பையும் சேர்த்துத்தான் விற்பவர் விலை சொல்கிறார்.

ஆகவே நேயர்களே, நான்கு கேள்விகளைக் கேளுங்கள். இந்த வீட்டுக்கு வாடகைக்கு வரப்போவது யார்? வாங்கும்போதும் விற்கும்போதும் எவ்வளவு வரி? வாடகை எந்த நாணயத்தில் வரும், கடன் எந்த நாணயத்தில் இருக்கும்? விற்க நினைத்தால் வாங்க ஆள் இருப்பார்களா?

வீவக வீட்டில் இருப்பவர்கள் இன்னொன்றையும் மறக்கக்கூடாது. குறைந்தபட்சக் குடியிருப்புக் காலம் முடியும்வரை வெளிநாட்டிலும் வீடு வாங்க முடியாது. மத்திய சேம நிதியையும் அதற்குப் பயன்படுத்த முடியாது. அப்படியானால் போடப்போவது கையிலுள்ள சேமிப்பு. அது பிள்ளைகளின் படிப்புக்கும் நம் முதுமைக்கும் வைத்த பணம்.

நாடு முன்னேறுவது நமக்குப் பெருமை. அந்தப் பெருமையை நம்பி மட்டும் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள்.