டிராக்டர் இஞ்சின் சத்தமும் பழுது பார்க்கும் செலவும்



ஆட்டையாம்பட்டி சுற்று வட்டாரத்து மானாவாரி நிலங்களில் ஆடி மழைக்குப் பின் உழவுக்கு ஏற்ற ஈரம் சில நாட்களே நிற்கும். அந்த நேரத்தில் டிராக்டர் இஞ்சினில் 'டொக், டொக்' என்று சத்தம் கேட்டால், "இந்த நாலு ஏக்கரை ஓட்டி முடித்துவிட்டுப் பார்க்கலாம்" என்றுதான் தோன்றும். சில சத்தங்களுக்கு அப்படிப் பொறுக்கலாம். சிலவற்றுக்குப் பொறுத்தால் இஞ்சினே போய்விடும்.

முதலில் ஆயில் பிரஷர் மீட்டரைப் பாருங்கள். பிரஷர் இறங்கியிருந்தால் இஞ்சினை உடனே நிறுத்திவிட வேண்டும். ஆயில் அளவு சரியாக இருந்தும் பிரஷர் இல்லையெனில் மீண்டும் ஓட்டக் கூடாது. பட்டறைக்குக் கட்டி இழுத்துச் செல்வதே சிக்கனம்.

பிரஷர் சரியாக இருந்தால், நீண்ட ஸ்குரூ டிரைவரின் நுனியை இஞ்சினில் ஊன்றி, பிடியைக் காதருகே வைத்துக் கேளுங்கள். சத்தம் வரும் இடம் தெரியும். தோள் துண்டும் வேட்டியும் விசிறியில் சிக்காமல் பார்த்துக் கொள்ளவும்.

1. இஞ்சினின் மேற்பகுதியில் 'டிக், டிக்' என்ற மெல்லிய சத்தம்: டேப்பட் இடைவெளி கூடியிருக்கலாம். சரி செய்யச் செலவு குறைவு.

2. முன்புறம் கிறீச்சிடுதல்: பெல்ட்டைக் கழற்றிச் சிறிது நேரம் மட்டும் ஓட்டிப் பாருங்கள். சத்தம் நின்றால் கோளாறு பெல்ட்டிலோ, வாட்டர் பம்ப், டைனமோ பேரிங்கிலோ உள்ளது.

3. கூர்மையான தட்டலுடன் கரும்புகை: நாசிலைச் சோதிக்க வேண்டும். மெக்கானிக் அதை வேறு சிலிண்டருக்கு மாற்றிப் பொருத்தும்போது சத்தமும் அங்கே மாறினால் குறை நாசிலில்தான்.

4. அடிப்பகுதியில் கனத்த இடி, சுமை ஏறினால் கூடுதல்: கனெக்டிங் ராடு அல்லது மெயின் பேரிங் தேய்மானம். இதில் ஒரு மணி நேரம்கூட ஓட்டக் கூடாது. இப்போது நிறுத்தினால் பேரிங் மாற்றுவதோடு முடியலாம். ஓட்டினால் கிராங்க் ஷாஃப்ட்டும் கெடும்.

இஞ்சினை இறக்கத்தான் வேண்டும் என்றால், உதிரி பாகம், கிரைண்டிங், கூலி ஆகியவற்றைத் தனித்தனியே எழுதி வாங்குங்கள். கியர் பெட்டியும் ஹைட்ராலிக்கும் நல்ல நிலையில் உள்ளனவா என்பதையும் அப்போதே பார்க்கவும். அவையும் தேய்ந்திருந்தால் அடுத்த செலவு காத்திருக்கிறது.

பிறகு கணக்குப் போடுங்கள். உதாரணமாக, செலவு 80,000 ரூபாய் என்றும், அதன் பின் மூன்று ஆண்டுகள் உழைக்கும் என்றும் வைத்துக் கொள்வோம். ஆண்டுக்கு 400 மணி நேரம் ஓட்டுபவருக்கு மணிக்கு சுமார் 67 ரூபாய் ஆகிறது. 100 மணி நேரமே ஓட்டுபவருக்கு 267 ரூபாய். இத்துடன் டீசல், ஓட்டுநர் கூலியைச் சேர்த்து, உங்கள் ஊர் உழவு வாடகையோடு ஒப்பிடுங்கள். வேளாண்மைப் பொறியியல் துறையும் டிராக்டரை மணிக் கணக்கில் வாடகைக்கு விடுகிறது. வாடகை மலிவு என்றால் வண்டியை உள்ள நிலையிலேயே விற்பதில் தவறில்லை.

ஆனால் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று அறியாமல் விற்க வேண்டாம். டேப்பட் சத்தத்தை இஞ்சின் கோளாறு என்று எண்ணி அடிமாட்டு விலைக்குக் கொடுத்தால் நட்டம் உங்களுக்கே. விதைப்புக்கு ஒரு மாதம் முன்பே டிராக்டரைச் சோதித்து, ஈரம் இருக்கும் நாளில் வயலில் இறக்குங்கள்.