ஒரே பட்டியலில் நம் பெயர்

(குடியரசு தினத்தையொட்டி நம் டிரஸ்ட் சார்பில் தாம்பரத்தில் நடந்த மஹல்லா கூட்டத்தில் ஆற்றிய உரை)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

 

2021 நவம்பரில் நம் ஊர் மாநகராட்சி ஆனது. தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் என்ற ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் சேர்த்தார்கள். பம்மல்காரர் இன்றும் தம்மைத் தாம்பரத்துக்காரர் என்று சொல்லிக்கொள்வதில்லை. ஆனாலும் 2022 பிப்ரவரியில் 70 வார்டுகளுக்கும் சேர்த்து வாக்குப்பதிவு நடந்ததும், குடிநீருக்கும் குப்பைக்கும் இனி எல்லோரும் ஒரே மாமன்றத்தைத்தான் கேட்க வேண்டும் என்பது யாரும் சொல்லாமலே விளங்கிவிட்டது.

நம் நாடு ஒன்றான கதையிலும் இப்படி ஒரு கட்டம் உண்டு. வெள்ளையர் காலத்தில் இது ஒரே ஆட்சியின் கீழ் இருக்கவில்லை. அவர்கள் நேரடியாக ஆண்ட மாகாணங்கள் ஒருபுறம். ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட சமஸ்தானங்கள் மறுபுறம். நம் தெற்கையே பாருங்கள். திருச்சியிலிருந்து புறப்பட்டுப் புதுக்கோட்டை போனால் தொண்டைமான் ராஜாவின் ஆட்சி. பங்கனப்பள்ளியில் நவாப். நாகர்கோவில் திருவிதாங்கூருக்குச் சொந்தம். காரைக்காலில் பிரெஞ்சுக்காரர். புதுக்கோட்டை 1948 மார்ச்சில் சென்னை மாகாணத்தோடு சேர்ந்தது. பங்கனப்பள்ளியும் அதே ஆண்டில் சேர்ந்தது. புதுச்சேரியும் காரைக்காலும் 1954இல் இந்திய நிர்வாகத்துக்கு வந்தன. கன்னியாகுமரி 1956இல் நம்மோடு இணைந்தது. சர்தார் படேலும் வி.பி. மேனனும் சமஸ்தானங்களை இணைத்த கதையைப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் படித்துவிடுகிறார்கள். அதனால் அதை விட்டுவிட்டு, அவ்வளவாகப் பேசப்படாத வேறொன்றைச் சொல்லலாம் என்று வந்திருக்கிறோம். அது வாக்காளர் பட்டியல்.

1937 தேர்தலில் பிரிட்டிஷ் இந்தியா முழுவதிலும் ஏறத்தாழ 3 கோடிப் பேருக்குத்தான் வாக்கு இருந்தது. நிலம் வேண்டும், அல்லது வரி கட்டியிருக்க வேண்டும், அல்லது படிப்பு வேண்டும். நம் மாகாணத்தில் பெண்களுக்கு 1921லேயே வாக்குரிமை வந்தது என்பது பெருமைதான். ஆனால் சொத்துள்ள பெண்களுக்கு மட்டும்! பட்டியலும் ஒன்றல்ல. முஸ்லிம்களுக்கென 1909 முதல் தனித் தொகுதி, தனிப் பட்டியல். ஒரே தெருவில் இருக்கும் இரண்டு வீட்டுக்காரர்கள் ஒரே வேட்பாளருக்கு வாக்களிக்க வழியில்லாத ஏற்பாடு அது.

இந்த இடத்தில் காயிதே மில்லத் முஹம்மது இஸ்மாயீல் சாஹிப் அவர்களை நினைக்காமல் போக முடியாது. நம் குரோம்பேட்டையில் வாழ்ந்தவர். அரசியல் நிர்ணய சபையில் நம் மாகாணத்து முஸ்லிம் உறுப்பினர்களில் ஒருவர். தனித் தொகுதி தொடர வேண்டும் என்று போக்கர் சாஹிபும் அவரும் சபையில் வாதாடினார்கள். அதே சபையில் இருந்த ஒரே முஸ்லிம் பெண்மணியான பேகம் ஐஜாஸ் ரசூல் அது கூடாது என்றார். கோரிக்கை தோற்றது. யார் சொன்னது சரி என்று இன்றும் நம் டீக்கடைகளில் விவாதம் நடக்கிறது, நடக்கட்டும். நாம் கவனிக்க வேண்டியது, தோற்ற பிறகு காயிதே மில்லத் என்ன செய்தார் என்பதை. அவர் கோபித்துக்கொண்டு வீட்டில் உட்காரவில்லை. 1962, 1967, 1971 என்று மூன்று முறை மஞ்சேரியில் பொதுப் பட்டியலில் நின்று மக்களவைக்குச் சென்றார். அங்கே நம்மவர் வாக்கு அதிகம்தான். ஆனாலும் பட்டியல் எல்லோருக்கும் பொதுவானது.

அரசியல் சட்டத்தின் 325ஆம் பிரிவு அதைத்தான் சொல்கிறது. ஒரு தொகுதிக்கு ஒரே பொதுப் பட்டியல். மதம், இனம், சாதி, பால் இவற்றைக் காட்டி யாரையும் அதிலிருந்து விலக்க முடியாது. அடுத்த பிரிவு, வயது வந்த எல்லோருக்கும் வாக்கு என்கிறது. அமெரிக்காவில் 13 பிரிட்டிஷ் காலனிகள் 1776இல் விடுதலையை அறிவித்துப் பின்னர் ஒரே நாடாயின. அங்கே நாடு முழுவதும் பெண்களுக்கு வாக்கு என்று அரசியல் சட்டத்தில் எழுத 1920 வரை ஆனது. இங்கே முதல் பொதுத் தேர்தலிலேயே வந்துவிட்டது. அரசியல் சட்டம் நிறைவேறும் முன்பே, 1948லேயே பட்டியல் வேலையைத் தொடங்கிவிட்டார்கள். பிரிவினையில் வீடிழந்து வந்த அகதிகளிடம் பத்திரம் எதுவும் கேட்கவில்லை. இங்கேயே நிலையாகக் குடியிருக்கப் போகிறேன் என்று எழுதிக் கொடுத்தால் பெயரைப் பதிந்துகொள்ளச் சொன்னார்கள்.

1951-52 தேர்தலுக்கு 17 கோடிக்கும் அதிகமான பெயர்கள் பட்டியலில் ஏறின. கணக்கெடுக்கப் போனவர்களுக்கு ஒரு சிக்கல் வந்தது. பெரும்பாலும் வட மாநிலங்களில், லட்சக்கணக்கான பெண்கள் தங்கள் பெயரைச் சொல்ல மறுத்தார்கள். இன்னாருடைய மனைவி, இன்னாருடைய மகள் என்று எழுதிக்கொள்ளுங்கள் என்றார்கள். முதல் தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் அதை ஏற்கவில்லை. சொந்தப் பெயர் வேண்டும் என்றார். அவகாசமும் கொடுத்துப் பார்த்தார்கள். கடைசியில் ஏறத்தாழ 28 லட்சம் பெண்களின் பதிவுகள் நீக்கப்பட்டன.

அது அந்தக் காலம், அது வடக்கே என்று நமக்குத் தோன்றும். சற்றுப் பொறுங்கள். நம் டிரஸ்ட்டின் ரமலான் உதவிப் பதிவேட்டைச் சென்ற ஆண்டு எடுத்துப் பார்த்தோம். விதவைகள் பகுதியில் பக்கம் பக்கமாக ‘மர்ஹூம் இன்னார் மனைவி’ என்றே எழுதியிருக்கிறது. எழுதியது நாங்கள்தான். அரிசி வாங்க வந்த தாய்மார்களிடம் பெயரைக் கேட்க எங்களுக்குத் தோன்றவே இல்லை. பிறகு ஒவ்வொருவராகக் கேட்டு எழுதியபோதுதான் மற்றது தெரிந்தது. ஒரு பாட்டிக்கு ரேஷன் கார்டில் பாத்திமா பீ, ஆதாரில் பாத்திமா பீவி, வாக்காளர் அட்டையில் மகன் பெயரே தவறு. வாடகை வீட்டில் இருக்கும் பிள்ளைகள் கதை வேறு. பதினோரு மாதத்துக்கு ஒருமுறை சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், பெருங்களத்தூர் என்று வீடு மாறுகிறார்கள். பெயர் பழைய முகவரியிலேயே கிடக்கிறது, அல்லது சொந்த ஊரில். அதிகாரி வீட்டுக்கு வரும்போது கதவு பூட்டியிருக்கிறது. குடிபோய்விட்டார் என்று குறித்துக்கொண்டு போகிறார். அவரைக் குறை சொல்லியும் பயனில்லை.

பதிவேட்டை இப்போது திருத்திவிட்டோம், அல்ஹம்துலில்லாஹ். இனி ஒவ்வொரு பெண்ணின் பெயரும் முதலில், உறவு அதற்குப் பிறகு.

வரும் இரண்டு சனிக்கிழமைகளிலும் அஸர் தொழுகைக்குப் பின் மதரஸா கூடத்தில் மேசை போட்டு உட்கார்கிறோம், இன்ஷா அல்லாஹ். புதிதாகச் சேர்ப்பவர்களுக்குப் படிவம் 6. முகவரி மாற்றமும் பிழைத் திருத்தமும் படிவம் 8. ஆதார், ரேஷன் கார்டு, பழைய வாக்காளர் அட்டை மூன்றையும் கொண்டு வாருங்கள். மூன்றிலும் எழுத்து வேறுபட்டிருந்தால் கூச்சப்படாமல் சொல்லுங்கள், எது முதலில் திருத்த வேண்டும் என்று பார்த்துச் சொல்கிறோம். பதினெட்டு முடிந்த பிள்ளைகள் வயதுச் சான்றும் எடுத்து வரட்டும். ஆண்கள் மட்டும் கார்டுகளை அள்ளிக்கொண்டு வந்து நிற்க வேண்டாம். வீட்டுப் பெண்களையும் அழைத்து வாருங்கள். நடக்க முடியாதவர்கள் இருந்தால் முகவரியை இப்போதே எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள். நம் பெண் தன்னார்வலர்கள் வீட்டுக்கே வருவார்கள். வந்ததும் அவர்கள் கேட்கும் முதல் கேள்வி, “உங்க பேர் என்னம்மா?” என்பதுதான்.

வஸ்ஸலாம்.